ஊட்டியில எழுதின ரூல்... ஊருக்கே தெரியாத பிளேயர்!

ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு எந்த காலேஜுக்குப் போனாலும் ஒரு பட்டப்பேர் ரெடியா இருக்கும். 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்தின் வுல்விச் ராணுவ அகாடமியில் புதுசா வந்து சேர்ந்த பயலுக்கு சீனியர்கள் வைத்திருந்த பேர் என்ன தெரியுமா? 'ஸ்னூக்கர்'!

ஆமா பாஸ். கழுத்துல போ டை, மேல வெய்ஸ்ட்கோட்னு டி.வி-யில ரொம்ப டீசன்ட்டா ஆடுறாங்களே, அந்த ஆட்டத்தோட பேரே ஒரு ராகிங் வார்த்தைதான். அதைவிடப் பெரிய ஆச்சர்யம், அந்த ஆட்டத்துக்கு முதன்முதலா ரூல் எழுதி சுவத்துல மாட்டின இடம் லண்டன் இல்லை. நம்ம ஊட்டி!

ஊட்டின்னா நமக்கு போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், ஹோம்மேட் சாக்லேட், சினிமாவுல டூயட்... அவ்வளவுதானே? இந்த மேட்டர் தெரிஞ்சதும் என் ரூம்மேட்டுக்கு இருப்புக் கொள்ளலை. பய ஸ்னூக்கர் பைத்தியம். ரெண்டு துண்டாக் கழட்டி மாட்டுற க்யூவை இன்ஜினீயரிங் டிராயிங் சார்ட் வைக்கிற குழாய்க்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற ஆளு. அவங்க வீட்டைப் பொறுத்தவரை பையன் மூணு வருஷமா விடாம டிராயிங் போட்டுக்கிட்டு இருக்கான்! ஒரு சனிக்கிழமை விடியக்காலையில கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு பேரும் கிளம்பிட்டோம்.

ரயிலுக்கு முன்னாடி ஏறின டேபிள்

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு மலை ரயில். தூரம் 46 கிலோ மீட்டர்தான். ஆனா, 16 குகை, 250 பாலம் தாண்டி மேல போய்ச் சேர நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும். கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச ஒரு பட்டை வரும். இன்ஜினோட பல் சக்கரம் அதைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டே ஏறும். மெக்கானிக்கல் பசங்க ஜன்னலை விட்டு நகர மாட்டாங்க. 2005-ல யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது.

இந்த ரயில் குன்னூர் வரைக்கும் வந்தது 1899-ல. ஊட்டியைத் தொட்டது 1908-ல. ஆனா, நாம தேடிப் போற ரூல் எழுதப்பட்டது 1880-களின் தொடக்கத்தில். அதாவது, ரயில் வர்றதுக்கு முன்னாடியே பிலியர்ட்ஸ் டேபிள் மலை ஏறிடுச்சு! ஃபுல் சைஸ் டேபிள்னா 12 அடி நீளம், 6 அடி அகலம். பச்சைத் துணிக்குக் கீழே கனமான ஸ்லேட் கல். மொத்த எடை ஒரு டன்னுக்கும் மேல. "பொழுதுபோக்குக்கு இவ்வளவு சிரமமாடா?" என்றேன். "மழைக்காலத்துல நாள் முழுக்க ரூமுக்குள்ள அடைஞ்சு கிடந்தா நீயும்தான் ஏத்துவே" என்றான் ரூம்மேட்.

அவன் சொன்னதில் பாதி வரலாறு இருக்கு.

மழையும் மெஸ்ஸும்

கதை ஆரம்பிக்கிறது ஊட்டியில் இல்லை, மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில். 1875-ம் வருஷம். டெவன்ஷயர் ரெஜிமென்ட்டின் ஆபீஸர்ஸ் மெஸ். வெளியில மழை கொட்டுது. உள்ளே வேலை வெட்டி இல்லாத இளம் அதிகாரிகள் பிலியர்ட்ஸ் டேபிளைச் சுத்தி நிக்கிறாங்க. அதில் ஒருத்தர் நெவில் சேம்பர்லைன். பின்னாளில் இங்கிலாந்து பிரதமரான சேம்பர்லைன் வேற, இவர் வேற. இவருக்கு அப்போ 19 வயசு. நம்ம செட்!

அப்போ மெஸ்ஸில் விதவிதமான ஆட்டங்கள் ஓடிக்கிட்டு இருந்தன. 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமா அடுக்கி ஆடுறது 'பிரமிட்ஸ்'. கலர் பந்துகளை வெச்சுக் காசு கட்டி ஆடுறது 'லைஃப் பூல்'. அதில் கறுப்புப் பந்தைச் சேர்த்தால் 'பிளாக் பூல்'. சேம்பர்லைன் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிட்டார். ஒரு நாள் கூட ஆடின ஒருத்தர் ஈஸியா விழ வேண்டிய பந்தைக் கோட்டை விட, 'நீ சரியான ஸ்னூக்கர்டா'ன்னு கலாய்ச்சிருக்கார். அந்த மனுஷன் முகம் வாடினதும், 'விடுப்பா, இந்த ஆட்டத்துக்கு நாம எல்லாருமே ஸ்னூக்கர்தானே, ஆட்டத்துக்கே அந்தப் பேரை வெச்சுடலாம்'னு சமாதானம் சொன்னாராம். இதை அவரே 1938-ல், தன்னோட 82-வது வயசில், 'தி ஃபீல்டு' பத்திரிகைக்குக் கடிதமா எழுதி, ஆட்டத்தைக் கண்டுபிடிச்சது நான்தான்னு உரிமை கொண்டாடினார்.

சரி, ஊட்டி எப்படி உள்ளே வந்தது? ஆப்கன் போரில் காயம்பட்ட சேம்பர்லைன், பிறகு மெட்ராஸ் ராணுவத் தளபதி ஃபிரடெரிக் ராபர்ட்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் வெயில் வந்தால் மெட்ராஸ் அரசாங்கமே ஃபைல் மூட்டையோட ஊட்டிக்கு ஏறிவிடும். ராணுவமும் கூடவே. பல ஊர் ரெஜிமென்ட் ஆட்கள் ஒரே கிளப்பில் கூடினால் என்ன ஆகும்? 'எங்க மெஸ்ல இப்படித்தான்', 'எங்க ஊர்ல அப்படி இல்லை'ன்னு சண்டைதான். தெரு கிரிக்கெட்டில் 'ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா, இல்லையா'ன்னு நாம அடிச்சுக்கிறோமே, அதே கதை. அதனால் ரூலை எல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதி, ஊட்டி கிளப்பின் பிலியர்ட்ஸ் ரூமில் மாட்டினாங்க. சிவப்புக்கு 1. மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7-னு இன்னிக்கு உலகம் முழுக்க ஓடிக்கிட்டு இருக்கிற ஆட்டத்துக்கு வேர் அந்தச் சுவத்துலதான் இருக்கு.

வெள்ளைத் தூண்கள்

ஊட்டியில இறங்கி, வெதுவெதுன்னு வர்க்கியும் டீயும் உள்ளே தள்ளிட்டு நடந்தோம். 1830-ல் கட்டின செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். அதோட உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மரம். அந்தப் பக்கத்திலேயே மரங்களுக்கு நடுவுல, பெரிய வெள்ளைத் தூண்களோட ஊட்டி கிளப். 1830-களில் வில்லியம் ரம்போல்டுங்கிறவர் ஹோட்டலாகக் கட்டின கட்டடம். கிளப் ஆரம்பித்தது 1841-ல்.

உள்ளே போக உறுப்பினரா இருக்கணும், இல்லேன்னா உறுப்பினரோட விருந்தாளியா இருக்கணும். நாங்க ரெண்டும் இல்லை. ஜீன்ஸ், ஸ்வெட்டர், கையில சார்ட் குழாயோட வெளியே ரோட்டில் நின்னு பார்த்தோம். மூடுபனி தூண்களை மறைக்குது, திரும்பக் காட்டுது. பிலியர்ட்ஸ் ரூம் இன்னமும் உள்ளே பத்திரமா இருக்கு. கோயில் கோபுரத்தை வெளியில நின்னு கும்பிடுற மாதிரி என் ரூம்மேட் கன்னத்துல போட்டுக்கிட்டான்.

கீழே இறங்கும்போதுதான் கேட்டான். "ரூல் எழுதினது நம்ம மலையில. ஆனா, இந்த ஆட்டத்தையே வேலையா எடுத்து, ஜெயிச்ச நம்மாளு எத்தனை பேர்டா?"

பங்கஜ் அத்வானி பேரை உடனே சொல்லலாம். பெங்களூரு வீரர். பிலியர்ட்ஸ், ஸ்னூக்கர் ரெண்டிலும் இருபதுக்கும் மேல உலகப் பட்டங்கள் குவிச்சவர். அவரே 2012-ல் இங்கிலாந்தை மையமா வெச்சு நடக்கிற ப்ரொஃபஷனல் டூருக்குப் போய், 2014-ல் போதும்னு திரும்பிட்டார். அந்த டூர் அப்படி ஒரு இடம். அங்கே போராடின இன்னொருத்தர் இருக்கார். டீக்கடையில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால், பத்துப் பேருக்கும் தெரியாது. பேர், ஆதித்யா மேத்தா.

டெல்லியில் ஒரு ராத்திரி

மேத்தா மும்பைக்காரர். 1985-ல் பிறந்தவர். 2010-ல் சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்னூக்கர் தனிநபர் பிரிவில் வெண்கலம். அணிப் பிரிவில் வெள்ளி வாங்கின இந்திய டீமிலும் இருந்தார். 2013-ல் கொலம்பியாவின் காலி நகரத்தில் நடந்த வேர்ல்டு கேம்ஸில் இறுதிப் போட்டியில் சீனாவின் லியாங் வென்போவைத் தோற்கடிச்சுத் தங்கம். அன்னிக்குப் பேப்பர்ல நீங்க இதைப் படிச்ச ஞாபகம் இருக்கா? வாய்ப்பு கம்மிதான். கிரிக்கெட்டுக்குப் போக மிச்ச இடத்துல அடங்கின நியூஸ்.

அதே வருஷம் அக்டோபரில் புதுடெல்லியில் முதல் 'இந்தியன் ஓப்பன்'. உலகத் தரவரிசைப் புள்ளிகள் கிடைக்கிற போட்டி இந்தியாவுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி வந்த மேத்தா, அரை இறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மக்வயரை வீழ்த்தினார். 2004-ல் யு.கே. சாம்பியன்ஷிப் ஜெயிச்ச மக்வயர்! தரவரிசைப் போட்டி ஒன்றின் ஃபைனலுக்குப் போன முதல் இந்தியர் ஆனார் மேத்தா. அதுவும் சொந்த மண்ணில்.

ஃபைனலில் எதிரே டிங் ஜுன்ஹுய். அந்த சீசனில் டிங் இருந்த ஃபார்மே வேற. ஷாங்காய் மாஸ்டர்ஸை ஜெயிச்ச கையோட டெல்லிக்கு வந்தவர். அந்த ஒரே சீசனில் அஞ்சு தரவரிசைப் பட்டங்கள் தட்டினவர். ஸ்கோர் 5-0. மேத்தாவுக்கு ஒரு ஃப்ரேம்கூடக் கிடைக்கலை.

ஸ்னூக்கர்ல இதுதான் கொடுமை. கிரிக்கெட்ல பந்து நம்ம கைக்கு வரும், பேட் நம்ம பக்கம் வரும். இங்கே எதிராளி ஆடும்போது நீங்க நாற்காலியில உட்கார்ந்து தண்ணி குடிக்கணும். அவர் விடுற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. வாழ்க்கையின் முக்கியமான ராத்திரியில் முக்கால்வாசி நேரம் வேடிக்கை பார்க்கிற ஆளாக இருக்க வேண்டி வரலாம்.

147

அடுத்த வருஷமே மேத்தா பதில் சொன்னார். 2014 ஆகஸ்ட், ஜெர்மனியின் ஃபூர்த் நகரம், பால் ஹன்டர் கிளாசிக் போட்டி. எதிராளி அதே மக்வயர். அங்கே ஒரு ஃப்ரேமில் 147!

கணக்கு சிம்பிள். ஒரு சிவப்பைப் போட்டால் 1, உடனே கறுப்பைப் போட்டால் 7. கறுப்பை மட்டும் திரும்ப எடுத்து டேபிளில் வைப்பாங்க. இப்படி 15 சிவப்புக்கும் 15 தடவை கறுப்பு, மொத்தம் 120. கடைசியில் ஆறு கலரையும் வரிசையாப் போட்டால் 27. ஆக மொத்தம் 147. நடுவுல ஒரே ஒரு பந்து தவறினாலும், ஒரே ஒரு தடவை கறுப்புக்குப் பதிலா பிங்க்குக்குப் போனாலும் போச்சு. 36 தடவை தொடர்ந்து பந்து குழிக்குள்ள விழணும். ஒவ்வொரு அடிக்கும் அப்புறம் வெள்ளைப் பந்து அடுத்த அடிக்குத் தோதான இடத்துல போய் நிக்கணும். ப்ரொஃபஷனல் போட்டியில் இதைச் செஞ்ச முதல் இந்தியர் மேத்தாதான்.

கிரிக்கெட்டில் ஓர் இந்தியர் இதுக்கு இணையா ஒரு சாதனை செஞ்சிருந்தா, நம்ம ஹாஸ்டல் சுவர் முழுக்க அவர் போஸ்டர்தான் ஒட்டியிருக்கும்!

சம்பளம் இல்லாத கேம்பஸ் இன்டர்வியூ

அப்புறம் என்ன ஆச்சு? அதைப் புரிஞ்சுக்க டூர் எப்படி நடக்குதுன்னு தெரியணும். டூரில் ஆடுறவங்க சுமார் 128 பேர். உள்ளே நுழைய 'டூர் கார்டு' வேணும். பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குக் கொடுப்பாங்க. நம்ம பாஷையில சொல்லணும்னா, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல ஆஃபர் லெட்டர். ஆனா, மாசச் சம்பளம் கிடையாது. ஃப்ளைட், ஹோட்டல், பிராக்டீஸ் டேபிள் எல்லாம் சொந்தச் செலவு. மேத்தா ஆடின காலத்துல ஜெயிச்சால்தான் காசு. ரொம்ப வருஷமா முதல் ரவுண்டில் தோற்றால் கையில் ஒண்ணும் கிடைக்காதுங்கிற நிலைமைதான் இருந்தது. 2014-ல் இருந்து தரவரிசையே ரெண்டு வருஷத்துல சம்பாதிச்ச பரிசுப் பணத்தை வெச்சுத்தான். முதல் 64 இடத்துக்குள்ள இல்லேன்னா பெரும்பாலும் கார்டு காலி. மறுபடி தகுதிச் சுற்றில் இருந்து ஆரம்பிக்கணும். அரியர் வெச்சா ஒரு பேப்பர்தான் திரும்ப எழுதுவோம். இங்கே முழு டிகிரியும் அரியர்!

2025-ல் உலக சாம்பியன் ஆன சீனாவின் ஜாவோ ஷின்டாங்குக்குப் பரிசு 5 லட்சம் பவுண்டு. அந்த ஃபைனல் நடந்த ஷெஃபீல்டின் க்ரூசிபிள் தியேட்டரை டி.வி-யில் பார்த்திருப்பீங்க. 1977-ல் இருந்து உலக சாம்பியன்ஷிப் அங்கேதான். ஆனா, மேத்தா மாதிரி ஆட்களோட வாழ்க்கை அதிகமா நகர்வது அந்த வெளிச்சத்தில் இல்லை. கூட்டமே இல்லாத ஹாலில், தடுப்பு வெச்சுப் பிரிச்ச டேபிள்களில் நடக்கிற தகுதிச் சுற்றுகளில்தான். கைதட்ட ஆள் இருக்காது. பக்கத்து டேபிளில் பந்து விழுற சத்தம் மட்டும் கேட்கும். அந்த ஒரு மேட்ச்சுக்காகப் பாதி உலகத்தைத் தாண்டி வந்திருப்பீங்க.

நாள் பூராவும் குனிஞ்சு, தாடையை க்யூவில் பதிச்சு நிக்கிற உடம்பு எத்தனை வருஷம் தாங்கும்? மேத்தாவைக் கழுத்து வலியும் தோள்பட்டை வலியும் பிடிச்சன. ஃபைனல் ஆடினவர், 147 போட்டவர், டூரை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று.

ஸ்னூக்கர் இருந்த ஒரு பெரிய மேடையும் கைவிட்டுப் போச்சு. 2010-க்குப் பிறகு 2014, 2018 ஆசிய விளையாட்டுகளிலும், 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியிலும் இந்த ஆட்டம் இல்லை. நம்ம நாட்டில் மெடல் கிடைக்கிற ஆட்டத்துக்குத்தான் மதிப்பு. மெடல் போனா கவனம் போகும், ஸ்பான்ஸர் போவார்.

சீனா என்ன பண்ணுச்சு? 2005-ல் 18 வயசு டிங், சைனா ஓப்பன் ஃபைனலில் ஸ்டீபன் ஹென்ட்ரியை ஜெயிச்சதைக் கோடிக்கணக்கான பேர் டி.வி-யில் பார்த்தாங்க. அடுத்த தலைமுறை க்யூவை எடுத்தது. 20 வருஷத்துல உலக சாம்பியன் வந்துட்டார். நம்ம இந்தியன் ஓப்பன் டெல்லி, மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சின்னு ஊர் ஊராப் போய், 2019-ஓட நின்னுபோச்சு.

அந்தக் கடைசிக் கொச்சிப் போட்டியில் ஜெயிச்சது இங்கிலாந்தின் மேத்யூ செல்ட். 2002-ல் ப்ரொஃபஷனல் ஆனவர். முதல் தரவரிசைப் பட்டம் கிடைச்சது கொச்சியில். கணக்குப் போட்டுப் பாருங்க, 17 வருஷம்! இத்தனைக்கும் செல்ட்டுக்கு டூர் நடக்கிற நாடு சொந்த நாடு. மேத்தாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ரெண்டு கதவு

ஊட்டியில இருந்து திரும்புற பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கிட்டே வரும்போது ஒண்ணு தோணுச்சு. நம்ம ஊரில் இந்த ஆட்டத்துக்கு ரெண்டே ரெண்டு ரூம்தான். ஒண்ணு, கிளப். உறுப்பினர் அட்டை இருந்தால்தான் கதவு திறக்கும். இன்னொண்ணு, பார்லர். காசு கொடுத்தா யாருக்கும் திறக்கும். ஆனா, உள்ளே போறதை யாராச்சும் பார்த்துட்டா வீட்டுல பஞ்சாயத்து. நம்ம சினிமாவைப் பாருங்க, வில்லனோட அடியாளை அறிமுகப்படுத்தணும்னா டைரக்டருக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஸ்னூக்கர் டேபிள்தான். ஹீரோ வந்து அந்த க்யூவாலேயே அடிப்பார். பாவம், ஒருத்தராவது ஒழுங்கா ஒரு பந்தைப் போட்டதா சரித்திரம் இல்லை!

பெரிய மனுஷனோட பொழுதுபோக்கு, இல்லேன்னா உருப்படாதவனோட பொழுதுபோக்கு. ரெண்டுக்கும் நடுவுல, இதைத் தொழிலா மதிச்சு ஒரு பையன் தினம் எட்டு மணி நேரம் ஆட ஒரு மூணாவது ரூம் நம்ம கிட்ட இல்லை. அதைத் தேடித்தான் மேத்தா மாதிரி ஆட்கள் கடல் தாண்டிப் போனாங்க. ஊட்டியில ரூல் எழுதினவங்க ஆட்டத்தைக் கப்பல்ல கூடவே எடுத்துட்டுப் போயிட்டாங்க. நாம டேபிளை மட்டும் துடைச்சு வெச்சிருக்கோம்.

மேத்தாவைத் தோத்துப்போன ஆள்னு சொல்றது ரொம்ப சுலபம். பட்டம் இல்லை, கார்டும் போச்சு. ஆனா, ஒரு ஃபைனல், ஒரு தங்கம், ஒரு 147... மூணையும் அவருக்கு முன்னாடி இங்கே யாரும் செஞ்சதில்லை. இனி டூருக்குப் போற எந்த இந்தியப் பையனுக்கும் 'முடியுமா'ங்கிற கேள்வி இல்லை. 'எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும்'ங்கிற கேள்விதான். முதல் கேள்விக்கு மேத்தா பதில் எழுதிட்டார். ரெண்டாவதுக்கு அவர் மட்டும் எழுத முடியாது. ஸ்பான்ஸர், அசோசியேஷன், அரசாங்கம், அப்பா, அம்மா எல்லாரும் சேர்ந்து எழுத வேண்டிய குரூப் அசைன்மென்ட் அது.

காந்திபுரத்தில் இறங்கும்போது ராத்திரி ஆயிடுச்சு. ரூம்மேட் அவங்க அப்பாவுக்கு போன் போட்டான். "அப்பா, ஊட்டி போயிட்டு வந்தேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுறதைக் கேட்டான். அப்புறம் மெதுவா, "டிராயிங் இல்லைப்பா... ஸ்னூக்கர்" என்றான்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்த கேள்வி எனக்கும் கேட்டுச்சு.

"சரி... நல்லா ஆடுவியா?"